மிகாசா வி200டபிள்யூ: பந்து சரி, காற்றுதான் தகராறு

பெண்கள் கைப்பந்து லீக் இறுதியாட்டம் என்றால் கோப்பைக்கு, பேனருக்கு, பிரமுகர் நாற்காலிக்கு, நாசி லெமாக் பொட்டலத்துக்கு எல்லாம் பட்ஜெட் போடுவார்கள். பந்து என்று வரும்போது மட்டும் "இருக்கிறத வச்சி ஆடிக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கிளப்புகள் மோதும் அன்றைக்கு முதல் செட் பாதியிலேயே புகார் வரும்: பந்து கல்லு மாதிரி இருக்கு, பந்து செத்துப் போச்சு, அவங்க பந்து அது. இந்தத் தகராறைத் தவிர்க்க மிகாசா வி200டபிள்யூ என்ற பந்து போதுமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

போதும். ஆனால் மண்டபத்துக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டும். காற்றையும் அதே மண்டபத்துக்குள்தான் அடிக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் கோலாலம்பூரில் அதிகம் மீறப்படுகிறது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பந்து. ஹிரோஷிமாவைச் சேர்ந்த மிகாசா நிறுவனம் இதை 2019இல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கி 2016 ரியோ வரை எல்லாரும் பார்த்துப் பழகியது இதே நிறுவனத்தின் எம்விஏ200. அதில் மேல்தோல் துண்டுகள், அதாவது பேனல்கள், 8; புதியதில் 18. மேல்தோல் மைக்ரோஃபைபர், அதில் பெரிய குழிகளும் சின்னக் குழிகளும் கலந்து இருக்கும். வியர்வையில் வழுக்காமல் இருக்க மேலே ஒரு பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடியது இதே பந்துதான். 2023 மே மாதம் துரின் நகரில் இஸ்தான்புல்லின் இரண்டு பரம வைரிகள், வக்கிஃப்பாங்கும் எக்ஸாஜிபாஷியும், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மோதி வக்கிஃப்பாங் 3-1 என்று வென்றதே, அந்த ஆட்டத்தின் மஞ்சள்-நீலப் பந்தும் இதுவே.

பெண்களுக்குத் தனிப் பந்து உண்டா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கிடையாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., எடை 260 முதல் 280 கிராம், காற்றழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. வலையின் உயரம் மட்டும்தான் வேறு: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஆனால் ஆட்டத்தின் போக்கு வேறு. நம் பெண்கள் கிளப்புகளில் சுழற்றி அடிக்கும் ஜம்ப் சர்வீஸ் குறைவு. பந்தைச் சுழலவிடாமல் தட்டும் ஃப்ளோட், அதையே குதித்துத் தட்டும் ஜம்ப் ஃப்ளோட்தான் அதிகம். ஒரு புள்ளிக்கு ராலியும் நீளமாகப் போகும். ஆகவே இந்தப் பந்தைச் சுழலாத சர்வீஸில் எப்படிப் போகிறது, முன்கையில் எப்படி உட்காருகிறது, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் விரலில் எப்படி நிற்கிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சர்வீஸில் நல்ல பெயர் வாங்குகிறது. சுழலாமல் போகும் பந்தின் இரண்டு பக்கத்திலும் காற்று ஒரே இடத்தில் பிரிவதில்லை. ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். அதனால்தான் பந்து நடுவழியில் ஆடுகிறது, திடீரென்று விழுகிறது. பேனல் ஓரமும் குழியும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைப் பொறுத்து அந்த ஆட்டம் மாறும். விவரம் தெரிந்த சர்வர்கள் ஒவ்வொரு முறையும் வால்வை ஒரே பக்கம் வைத்துப் பிடிப்பது சாமி கும்பிடுவது போன்ற சடங்கு அல்ல. ஒரே மாதிரி ஆட்டத்தைத் திரும்ப வாங்குவதற்காக. பிடித்த பிடியிலேயே உள்ளங்கையின் அடிப்பகுதி பந்தின் நடுவில் படும்படி தட்டி, கையை உடனே நிறுத்திவிட வேண்டும். கை தொடர்ந்து போனால் சுழற்சி ஏறிவிடும். பிறகு எந்தப் பந்தாக இருந்தாலும் நேராகத்தான் போகும்.

ரிசீவில் இது கொஞ்சம் தயவுள்ள பந்து. சரியான காற்றில் முன்கையில் அரை நொடி உட்கார்ந்து எழுவது போல ஓர் உணர்வு, தற்காப்புக்கென்றே ஆடும் லிபரோக்களுக்குப் பிடிக்கும். செட்டர்களுக்கு வேண்டுமானால் குறை இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பந்து, ஏர்கோன் மண்டபத்தின் உலர்ந்த காற்றில் விரல் நுனியில் நழுவும். நான்கைந்து பயிற்சிகளில் ஆடிய பிறகுதான் அது கைக்கு வரும். இந்த இடத்தில் மோல்டன் வி5எம்5000 ஒரு படி மேல்: அதன் அறுகோணச் சொரசொரப்பு முதல் நாளே விரலைப் பிடித்துக்கொள்கிறது. அதுவும் அனைத்துலகக் கைப்பந்துச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட பந்துதான். உங்கள் லீக் விதி மோல்டன் என்று சொன்னால் முகம் சுளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. ஓர் ஆட்டத்தில் சுழலும் எல்லாப் பந்துகளும் ஒரே வகை, ஒரே நிறம், ஒரே எடை, ஒரே அழுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிளப் மிகாசாவிலும் மற்றது மோல்டனிலும் பயிற்சி எடுத்திருந்தால், இறுதிக்கு எந்தப் பந்து என்பதைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிடுவது ஏற்பாட்டாளருக்கு நல்லது. அன்றைக்குக் காலையில் சொன்னால், தோற்றவர்கள் அதை வருடம் முழுக்கச் சொல்வார்கள்.

இப்போது காற்று.

வழக்கமாக நடப்பது இது. கார் நிறுத்துமிடத்தில் பூட்டைத் திறந்து, வெயிலில் நின்றபடி பந்துகளுக்குக் காற்று அடிப்பார்கள். அழுத்தம் அளக்கும் கேஜ் 4.4 பிஎஸ்ஐ காட்டும். மேலே சொன்ன 0.30 முதல் 0.325 கிலோ, பிஎஸ்ஐ கணக்கில் 4.26 முதல் 4.61 வரை, சரியாக நடுவில் இருக்கிறதே என்று திருப்தியாக உள்ளே கொண்டுபோவார்கள். வெளியே 34 பாகை, மண்டபத்தில் ஏர்கோன் 24 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். கணக்குப் போட்டால் அதே பந்து அரை மணி நேரம் கழித்து 3.8 பிஎஸ்ஐக்கு அருகில் நிற்கும். விதிக்குக் கீழே. யாரும் காற்றைப் பிடுங்கவில்லை, வால்வும் கசியவில்லை. பத்துப் பாகை இறங்கியதில் போனது 0.6 பிஎஸ்ஐ, விதி விடும் இடைவெளியோ 0.35தான். ஆறு பாகை மாறினாலே பந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடும். "பந்து செத்துப் போச்சு" என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. ஸ்பைக் வேகம் பிடிக்காது, சர்வீஸ் வலையைத் தாண்டச் சிரமப்படும், செட்டர் பின்னால் தள்ளும் நீளப் பந்து வலையின் ஓரக் கம்பியான ஆண்டெனாவுக்கு முன்பே இறங்கிவிடும்.

தலைகீழாகவும் நடக்கும். ஏர்கோன் ஸ்டோரில் சரியாக அடித்த பந்தை மாலையில் திறந்த திடலுக்குக் கொண்டுபோனால் 5 பிஎஸ்ஐயைத் தொட்டுவிடும். அப்போது ரிசீவ் எல்லாம் வலைக்கு மேலே போய் எதிரணிக்குச் சும்மா கொடுத்த பந்தாகும், முன்கையும் சிவந்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது: ஏர்கோனை ஆட்ட நேரத்தில் வைக்கப்போகும் அதே அளவில் ஓடவிட்டு, பந்துகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் ஆடுகளத்தின் பக்கத்திலேயே கிடக்க விடுங்கள். பிறகு ஊசியில் ஒரு துளி கிளிசரின் அல்லது சிலிகான் எண்ணெய் தடவி, வால்வில் செங்குத்தாக இறக்குங்கள். எச்சில் தடவும் பழக்கத்தை விடுங்கள். உலர்ந்ததும் வால்வு ரப்பர் ஊசியைக் கவ்வி, எடுக்கும்போது கிழிந்துவரும். சாய்த்துக் குத்தினால் உள்ளே காற்றைத் தாங்கும் பை, அதாவது பிளாடரே ஓட்டையாகும். கொஞ்சம் தூக்கலாக 4.6க்கு அடியுங்கள், ஏனென்றால் கேஜைச் சொருகி எடுக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது காற்று போகும். அளக்கும் கேஜ் 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டுவதாக இருக்க வேண்டும். கார் டயர் கேஜில் 4க்கும் 5க்கும் நடுவே ஒரு முள்ளின் தடிமன்தான்; அதை வைத்துப் பந்து அளப்பது லாரி தராசில் தங்கம் நிறுப்பது.

கேஜ் சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தாலும் ஒரு வழி உண்டு. எல்லாப் பந்துகளையும் வரிசையாக நிறுத்தி, இரண்டிரண்டாக ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். துள்ளி எழும் உயரம் ஒன்றாக இருந்தால் பந்துகள் ஒன்றுக்கொன்று சமம். இறுதியாட்டத்துக்கு அதுதான் முதல் தேவை. இரண்டு அணித் தலைவிகளும் நடுவரும் பார்க்கும்படி இதைச் செய்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது.

எத்தனை பந்து வாங்குவது? அனைத்துலகப் போட்டிகளில் ஐந்து பந்துகள் சுற்றும், ஆறு பேர் எடுத்துக் கொடுப்பார்கள். கிளப் லீக் இறுதிக்கு மூன்று சுற்றினால் போதும். நான்காவதை அதே காற்றில் ஸ்கோர் மேசையின் அடியில் வையுங்கள். பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் தோளிலும் உலர்ந்த துண்டு ஒன்று கிடக்கட்டும். சிவப்பு எழுத்துப் போட்ட "குட் மார்னிங்" துண்டைவிடப் பொருத்தமானது கிடையாது: பஞ்சு, மெலிது, நன்றாக உறிஞ்சும். ஏர்கோன் இல்லாத, வெறும் மின்விசிறி சுழலும் மண்டபங்களில் மூன்றாவது செட்டுக்குப் பிறகு பூச்சு இருந்தாலும் பந்து ஈரம் பிடிக்கும். ஈரப் பந்து முன்கையில் சறுக்கி, பக்கவாட்டில் ஓடும். லிபரோவின் கால் வேலையைக் குறை சொல்வதற்கு முன் பந்தைத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கும் இடத்தில் கவனம் தேவை. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கத்து விளையாட்டுக் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஷோப்பியிலும் லசாடாவிலும் படத்தை நம்பித்தான் வாங்க வேண்டும். படத்தில் எல்லாம் மஞ்சள்-நீலம். அதில் இரண்டு வகைக் குழப்பம் உண்டு. ஒன்று, வி330டபிள்யூ. அதுவும் அசல் மிகாசாதான், பார்க்க அச்சாக இதே போல. ஆனால் பயிற்சிக்கான பந்து. ஆட்டப் பந்து என்று நினைத்து வாங்கி ஏமாறாதீர்கள். அதே சமயம் வார நாள் பயிற்சிக்கு அதை வாங்குவது நல்ல யோசனை. இன்னொன்று, முழுப் போலி. ஐம்பது வெள்ளிக்கு வி200டபிள்யூ என்று யாராவது போட்டிருந்தால் உள்ளே போய்ப் பார்க்கவே வேண்டாம்.

கைக்கு வந்த பந்தைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சமையலறைத் தராசில் வையுங்கள்: 260க்கும் 280க்கும் இடையில் நிற்க வேண்டும். தையல்காரர் நாடாவால் வால்வு வழியாக ஒரு சுற்று, அதற்குக் குறுக்கே ஒரு சுற்று அளந்து பாருங்கள். இரண்டும் 65-67க்குள், கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வர வேண்டும். பிறகு இரண்டு கையாலும் சுழற்றி மேலே வீசுங்கள். போலிப் பந்து முட்டை போல ஆடிக்கொண்டே இறங்கும். பேனல் சேரும் இடங்களில் விரலை ஓட்டினால் பசை தட்டுப்படக் கூடாது. கடைசியாகக் காற்று அடித்து ஓர் இரவு வைத்து, காலையில் அதே அறை வெப்பத்தில் மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் வால்வின் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். குமிழி வந்தால் கடைக்குத் திருப்பிவிடலாம். வாளியில் முக்கிப் பார்க்க வேண்டாம். மைக்ரோஃபைபர் தண்ணீரைக் குடித்து எடை ஏறும், பிறகு கடைக்காரரும் வாங்கமாட்டார்.

இந்தப் பந்தின் பெரிய பலவீனம் சிமெண்டுத் தரை. பேனல்கள் தைத்தவை அல்ல, ஒட்டியவை. தமிழ்ப்பள்ளித் திடலிலும் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் சிமெண்டு ஆடுகளத்திலும் ஒரு மாதம் ஆடினால் குழிகள் தேய்ந்து, மஞ்சள் பழுப்பாகி, ஓரங்கள் நிமிரத் தொடங்கும். கார் பூட்டில் வைத்தே ஊர் சுற்றினாலும் இதே கதி. அந்தச் சூட்டில் பசை இளகும். கறை பட்டால் ஈரத் துணியால் ஒற்றி, நிழலில் காய வையுங்கள். தின்னரும் பாத்திரச் சோப்பும் வேண்டாம். முதலில் போவது அந்தப் பூச்சுதான்.

பந்தின் மேல் விழும் பழியில் ஒரு பங்கு வலைக்குச் சேர வேண்டியது. வலை நடுவில் 2.24 மீட்டரில் இருந்து, இரண்டு பக்கக் கோட்டின் மேலும் ஒரே உயரமாக, நடுவைவிட 2 செ.மீ.க்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். மேல் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டிக் கீழ்க் கயிற்றைத் தளர்வாக விட்டால், வலையில் பட்ட பந்து திரும்பி வராமல் அப்படியே வழிந்து காலடியில் விழும்; இரண்டாவது ஆள் எடுக்க வாய்ப்பே இருக்காது.

ஆட்டம் முடிந்து கோப்பை கை மாறியதும் நான்கு பந்துகளிலும் கொஞ்சம் காற்றை இறக்கி, துடைத்து, துணிப் பையில் போட்டு அறைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்வை உள்ளேயே வேகும். வால்வின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று சின்னதாக எண் எழுதி வைத்தால், அடுத்த லீக்கில் எது முதலில் காற்று இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அதைப் பயிற்சிக்குத் தள்ளிவிட்டு, ஒரு புதுப் பந்து மட்டும் வாங்கினால் போதும்.