கரண்ட் கட்டைத் தாங்குமா இஎக்ஸ்டி4? என் அனுபவம்

மளிகை மொத்தக் கடைகளுக்கு பில்லிங் சர்வர் போட்டுக் கொடுப்பது என் தொழில். யுபிஎஸ் பேட்டரி செத்த பிறகும் மாற்றாமல் ஓட்டும் கடைகள் நிறைய. பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். அதனால் எல்லா சர்வரிலும் லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம்தான் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) போடுகிறேன். கரண்ட் வந்ததும் ஜர்னலை, அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு சட்டென்று எழுந்துவிடும். ஜர்னலே இல்லாத இஎக்ஸ்டி2 காலத்தில் டிஸ்க் முழுவதையும் எஃப்எஸ்சிகே என்ற பிழைதேடும் நிரல் துழாவி முடிக்கும்வரை கல்லாவில் கூட்டம் காத்துக் கிடக்கும்.

இதன் அருமையே எழுதும் வரிசையில் இருக்கிறது. வழக்கமான ‘ஆர்டர்டு’ முறையில் ஃபைலின் உள்ளடக்கம் முதலில் டிஸ்கில் தன் இடத்துக்குப் போகும். எது எந்த பிளாக்கில் (டிஸ்கின் சிறு பகுதியில்) இருக்கிறது என்ற மெட்டாடேட்டா அடுத்து ஜர்னலில் ஏறும். டிஸ்க் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) தங்கியதையெல்லாம் டிஸ்கில் இறக்கச் சொன்ன பிறகுதான், ‘இந்த மாற்றம் முடிந்தது’ என்று முத்திரை வைக்கும் கமிட் பிளாக். நடுவில் கரண்ட் போனால், கமிட் ஆனவை மறுபடி செய்யப்படும், ஆகாதவை கைவிடப்படும். பாதி மாறிய டைரக்டரி மிஞ்சாது.

வேகம் கிடைக்கும் என்று, இப்படிக் கேஷை இறக்கச் சொல்வதையே நிறுத்தும் ‘பேரியர்=0’ போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். கரண்ட் போனாலும் கேஷைக் காக்கும் பேட்டரி உள்ள ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் கார்டு) இல்லாத கடையில் அது இந்த வரிசையையே குலைத்துவிடும். கேஷை இறக்கச் சொன்னால் இறக்காத மட்டமான டிஸ்க்கும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இது காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தை, உங்கள் கடைசி பில்லை அல்ல. ஜர்னல் கமிட் ஆவது சாதாரணமாக 5 நொடிக்கு ஒருமுறை. இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும் வசதியால் உள்ளடக்கம் இன்னும் தாமதமாகவும் இறங்கலாம். 2009-ல் கிராஷுக்குப் பிறகு ஃபைல்கள் 0 பைட்டாக நிற்கின்றன என்று புகார் கிளம்பியது இதனால்தான். எஃப்சிங்க் (உடனே டிஸ்கில் எழுதச் சொல்லும் கட்டளை) கொடுக்க வேண்டியது மென்பொருளின் வேலை என்றார் இதை உருவாக்கியவர்களில் ஒருவரான தியடோர் சோ. ஆனாலும் புதிய ஃபைலுக்குப் பழையதன் பெயரையே வைத்து (ரீநேம்) அதன் இடத்தில் போடும்போது உள்ளடக்கம் முதலில் இறங்கும்படி, லினக்ஸின் மையமான கெர்னல் 2.6.30-ல் திருத்தம் வந்தது. இரண்டுமே நியாயம் என்பேன்.

எஃப்சிங்க் இல்லாத பில்லிங் மென்பொருள் ஒன்றை ஒரு கடையில் பார்த்தேன். அச்சடித்த பில் வாடிக்கையாளர் கையில் இருந்தது, சர்வரில் இல்லை. அதற்கு இஎக்ஸ்டி4-ஐக் குறை சொல்ல மாட்டேன்.

ஐந்துக்கு நாலரை. அரை மார்க் குறைத்தது, ஃபைல் உள்ளடக்கத்துக்கு ZFS என்ற வேறொரு ஃபைல் சிஸ்டத்தில் உள்ளதுபோல செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இங்கே இல்லை என்பதற்காக.