ஆறு வருடமாக முதுகில் கிடக்கும் பை: கிளிநொச்சியில் இருந்து சிங்கராஜ வனம் வரை

பையின் கம்பனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்லதைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள், கெட்டதைச் சொன்னால் வம்பு. 45 லீற்றர், கடும் பச்சை, இடுப்பு வார் உண்டு, அடியில் ஒரு சின்னப் பொக்கற்றுக்குள் மழையுறையை மடித்து வைத்திருப்பார்கள். 2018 இல் கொழும்பு போனபோது புறக்கோட்டையில் 6,500 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டு பெரிய பயணம், கணக்கில்லாத சின்னப் பயணம், 2022 இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் சைக்கிளில் அரிசி மாவும் தேங்காயும் சுமந்தது என்று எல்லாத்துக்கும் இதே பைதான்.

முதல் பயணம் பை வாங்கிய வருடமே, யூனில். பரந்தன்காரன், முள்ளியவளைக்காரன், நெடுங்கேணிக்காரன், நான். கொழும்பு, காலி, அங்கிருந்து தெனியாய, அதற்குப் பிறகு தென்மேற்கு மழைக்காடான சிங்கராஜ வனம். வெளிக்கிட முதல்நாள் இரவு பையைக் கட்டி வாசலடியில் வைத்திருந்தேன். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வாசல்ல வைக்காத, உள்ள எடுத்து வை" என்றார். பிறகு பின்பக்கம் போய், கழுவிக் காயப்போட்டிருந்த யூரியாப் பையின் உள்பொலித்தீனைக் கொண்டு வந்து, உடுப்பு முழுவதையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டி, அதைப் பைக்குள் இறக்கச் சொன்னார். 2008, 2009 இல் எங்கள் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் அப்படித்தான் இடம் இடமாக எங்களோடு வந்தன. நான் சிரித்துவிட்டு, "இதுக்குத்தானம்மா மழையுறை இருக்கு" என்று சிப்பை இழுத்துக் காட்டினேன்.

நகரங்களில் பை நன்றாகவே நடந்துகொண்டது. கிளிநொச்சி ஸ்ரேசனில் இவ்வளவு பெரிய பையோடு நின்றால் "தம்பி வெளிநாடோ?" என்று நாலு பேராவது கேட்பார்கள், அதைப் பையின் குறையாகச் சொல்ல முடியாது. புறக்கோட்டை நெரிசலில் முதுகில் போடாமல் நெஞ்சுப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், திருட்டுக்கு மட்டுமில்லை, திரும்பும்போது பின்னால் வருகிறவரின் முகத்தில் இடிக்காமல் இருக்கவும்தான். பஸ்ஸில் 45 லீற்றர் மேல்தட்டுக்குள் போகவே போகாது. சாரதிக்குப் பக்கத்தில் வைக்கக் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கொஞ்சம் சிங்களம் வேண்டும், எங்களில் கொழும்பில் வேலை செய்த முள்ளியவளைக்காரனிடம்தான் அது இருந்தது. இடுப்பு வாரை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அதை இறுக்கினால் பாரம் தோளில் இருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். காலிக் கோட்டை மதிலைச் சுற்றி வெயிலில் நடந்த அன்று, வாரை இறுக்காமல் ஸ்டைலாகப் போட்டுக்கொண்டு வந்த பரந்தன்காரன் மாலையில் தோளுக்கு எண்ணெய் கேட்டான். முதுகுப் பக்கம் காற்றுப் போக வழியில்லாததால் சேட்டு நனைந்து உப்புப் பூத்துவிடும், அது உண்மையான குறை.

இனி மழைக்கு வருவோம், ஏனென்றால் நாங்கள் பிழைவிட்டது அங்கேதான். யூன் மாதம் வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். எங்களுக்குச் சோளகம் என்றால் புழுதி, காய்ந்த வாய்க்கால், குளத்தில் அடிமட்டத் தண்ணீர். அந்த யோசனையிலேயே மெல்லிய உடுப்பும் ஒரு துவாயும் சாரமும் கட்டிக்கொண்டு போனோம். ஆனால் இதே காற்றுத்தான் கடலில் இருந்து தென்மேற்குப் பக்கத்தில் ஏறி, அங்கே மலையில் முட்டி, கொண்டுவந்த தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வருகிறது. எங்கள் பக்கம் வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றரைத் தொட்டால் நல்ல மழை. சிங்கராஜவில் 3,500க்கு மேல். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பை கட்டும்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

காடு எங்களுக்குப் புதிதா என்ற திமிரும் இருந்தது. பாலை, வீரை, முதிரை மரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் காட்டில் வெயில் நிலத்துக்கு வரும், உலர்ந்த சருகு காலில் சத்தம் போடும். அங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே மாலை ஆறு மணி மாதிரி இருக்கிறது, சருகு சத்தமே போடாது, மழை விட்ட பிறகும் மரம் அரைமணி நேரம் பெய்துகொண்டிருக்கும். எங்கள் அட்டை குளத்துக்குள் கிடக்கும், இறங்கினால்தான் கடிக்கும். அங்கே அட்டை இலை நுனியில் எழுந்து நின்று ஆளைத் தேடுகிறது. காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்க்கச் சொன்ன வழிகாட்டி நல்ல மனிதர், நாங்கள்தான் அரைகுறையாகத் தேய்த்தோம். அவர் ஓரிடத்தில் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். முதலில் ஒரு பக்கமும் சத்தமில்லை, பிறகு பல வகைப் பறவைகள் ஒரே கூட்டமாக மரத்துக்கு மரம் தாவி வந்தன, நடுவே கொண்டைக் கரிச்சான், ஓரமாகச் சிவப்புச் சொண்டும் செம்பழுப்புத் தலையுமாக ஒரு நீலப் பறவை. ஐந்து நிமிடத்தில் எல்லாம் கடந்துபோய்விட்டன. அதற்காக மட்டும் திரும்பவும் போவேன்.

அன்று மூன்று மணித்தியாலம் மழை. உறை தன் வேலையைச் செய்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் உறை பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடும், முதுகோடு ஒட்டும் பக்கம் திறந்தே கிடக்கும். கழுத்தால் வழிந்த தண்ணீர் முதுகால் இறங்கி, தோள்வார்த் தையல்களால் உள்ளே போய், அடியில் தேங்கிவிட்டது. உறையின் அடியில் ஒரு ஓட்டையும் இல்லாததால் அது வாளி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இரவு தங்குமிடத்தில் திறந்தால் கடைசிச் சேட்டு வரைக்கும் ஈரம், போன் சார்ஜர் செத்துவிட்டது. நெடுங்கேணிக்காரன் மட்டும் காய்ந்த சாரத்தோடு படுத்தான். அவன் வயலுக்குப் போகிறவன், தன் உடுப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் உரப் பைக்குள் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பிறகு வந்த வருடங்களில் பழுதுகள். மூன்றாம் வருடம் இடப்பக்கத் தோள்வார் தையல் விட்டது. தையல் மெசினில் கொடுத்தால் ஊசி உடைகிறது என்றார்கள், முள்ளியவளைக்காரன் முல்லைத்தீவில் இருந்து வலை பொத்தும் நைலோன் நூல் கொண்டுவர, கிளிநொச்சி பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கும் ஐயா கையாலேயே தைத்துக் கொடுத்தார். அந்த இடம் இன்றுவரை அசையவில்லை. சிப்புக்குப் புழுதிதான் எதிரி, மெழுகுதிரியைத் தேய்த்தால் மாதக்கணக்கில் ஓடும். திருத்தவே முடியாதது உட்பூச்சு. ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்ததால் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரிந்து உடுப்பெல்லாம் ஒட்டுகிறது. புதுப் பை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் உள்ளே வையுங்கள், நம்மூர் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தாங்காது.

இரண்டாவது பெரிய பயணம் 2023 இல், கண்டி, இரத்தினபுரி, கலவானை, சிங்கராஜவின் குடாவைப் பக்கத்து வாசல். இந்த முறை மழையுறையை வீட்டிலேயே விட்டேன். உரப் பை உள்பொலித்தீன் இரண்டு: ஒன்றில் உடுப்பு, மற்றதில் போனும் காசும் அடையாள அட்டையும். (2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது ஊரில் யூரியாப் பையே காணக் கிடைக்கவில்லை, இருந்ததைப் பத்திரப்படுத்தியது அம்மாதான்.) குடாவையில் இரண்டு நாளும் கொட்டியது. பை வெளியே ஊறிக் கல்லுப்போலப் பாரமானது, உள்ளே ஒரு துளி இல்லை.

திரும்ப இதே பையை வாங்குவேனா? இடுப்பு வாருக்காக யோசிப்பேன், உறைக்காக மேலதிகக் காசு கொடுக்கமாட்டேன். அடுத்த முறை 35 லீற்றர் போதும், பஸ்ஸில் சாரதியிடம் கெஞ்சத் தேவையில்லை. நெடுங்கேணிக்காரன் நாலு பேருக்கும் பொலித்தீன் எடுத்து வைத்திருக்கிறானாம், கழுவித்தான் வைத்தானா என்று ஒருக்கால் கேட்க வேண்டும்.