மேப்பிள் பாகு காய்ச்ச எந்த அடுப்பு: ஹாலோ பிளாக்கா, ஃபைல் பீரோவா, டிரம்மா?

கனடாவின் ஒண்டாரியோவில் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு சர்க்கரை மேப்பிள் மரம் இருந்தால், பிப்ரவரி கடைசியில் இந்தக் கேள்வி வந்துவிடும். இரவில் உறைந்து பகலில் உருகும் அந்தச் சில வாரங்களில்தான் மரம் சாறு விடும். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். நம்மூர்ப் பதநீரில் பத்து சதவீதத்துக்கும் மேல் இருக்கும். கருப்பட்டி காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு மேப்பிள் சாறு ஏறக்குறைய வெறும் தண்ணீர். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும், மீதி அத்தனையும் ஆவியாகப் போக வேண்டும். சமையலறையில் காய்ச்சினால் சுவரெல்லாம் ஈரம் வழியும். அதனால்தான் வெளியில் விறகடுப்பு, அதன்மேல் ஆழமில்லாத அகலத் தட்டு.

தட்டு விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. விருந்துகளில் சாம்பாரும் குருமாவும் நிரப்பி வைக்கிறார்களே, அந்தச் செவ்வக எவர்சில்வர் தட்டுகள் மூன்று போதும். ஒவ்வொன்றும் சுமார் 53க்கு 32 சென்டிமீட்டர். நாகத்தகரப் பாத்திரமும் ஈயப்பற்று வைத்த பழைய பாத்திரமும் வேண்டவே வேண்டாம். உலோகம் பாகில் இறங்கும். தட்டைத் தாங்கும் உடல் எது என்பதில்தான் போட்டி.

முதலில் ஃபைல் பீரோ. பழைய நாலு இழுப்பறை இரும்பு பீரோவில் இழுப்பறைகளை உருவிவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தால், வாய்கள் மேலே பார்க்கும். குறுக்குத் தகடுகளை வெட்டித் தட்டுகளை உட்கார வைத்து, ஒரு முனையில் கதவும் மறுமுனையில் புகைக்குழாயும் பொருத்தினால் அடுப்பு தயார். வெல்டிங் தெரிய வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். ஆனால் தகடு மெல்லியது. அடியில் மணலும் உள்ளே தீச்செங்கலும் இல்லாவிட்டால் சூட்டில் நெளிந்து, அடுத்த மழைக்காலத்தில் துருப்பிடித்து ஓட்டை விழும். பெயின்ட் முழுக்க எரிந்து தீரும்வரை சாற்றைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

200 லிட்டர் இரும்பு டிரம் இதைவிடத் தடிமனானது, பல ஆண்டு தாங்கும். டிரம்மை அடுப்பாக்க வார்ப்பிரும்புக் கதவும் காலும் சேர்ந்த செட் கடையில் கிடைக்கிறது. சிக்கல் வடிவத்தில்தான். உருண்டை முதுகில் செவ்வகமாக வெட்டித் தட்டையான பாத்திரத்தைச் சந்தில்லாமல் பொருத்த, கை பழகிய ஆள் வேண்டும். உள்ளே பெட்ரோல் மாதிரி ஏதாவது இருந்த டிரம் என்றால் தொடாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் வெட்டும்போது உள்ளிருக்கும் ஆவி வெடிக்கும். சாறு எடுக்க முப்பது மரத்துக்கு மேல் துளை போடுபவருக்கு, தடுப்பு வைத்த பெரிய தட்டோடு சேர்த்தால், இதுதான் சரி.

எனக்குப் பிடித்தது ஹாலோ பிளாக் அடுப்பு. பிளாக்குகளை மூன்று பக்கம் சுவராக அடுக்கி, பின்னால் புகைக்குழாய், மேலே தட்டுகள். சிமென்ட் பூச்சே வேண்டாம். இதற்கும் குறை உண்டு. நேரடித் தீயில் பிளாக் வெடிப்பு விடும், அதனால் விறகு எரியும் இடத்தில் தீச்செங்கல் வரிசை ஒன்று அவசியம். மார்ச்சில் அடியிலுள்ள உறைந்த மண் சூட்டில் இளகி அடுப்பே ஒரு பக்கம் சாயும். சரளைக் கல் பரப்பி அதன்மேல் கட்டுவது நல்லது.

இருந்தும் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், தீ போகும் வழி முதல் தடவையிலேயே சரியாக அமையாது. பெட்டி மாதிரி வெறுமனே கட்டினால் முன்தட்டு மட்டும் கொதிக்கும், பின்தட்டு வெதுவெதுப்பாகவே கிடக்கும், சூடு குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். விறகு எரியும் இடத்துக்குப் பின்னால் சரிவாக மணல் மேடு எழுப்பி, பின்தட்டுகளுக்கு அடியில் நாலு விரற்கடைச் சந்து மட்டும் விட்டால், தீ தட்டின் வயிற்றை நக்கிக்கொண்டே போகும். விறகைச் சல்லடைக் கம்பிமேல் வைத்துக் கீழிருந்து காற்று விட வேண்டும். புகைக்குழாய் அடுப்பு நீளத்தைப்போல் இரு மடங்கு உயரம் இருந்தால் இழுப்பு நன்றாக இருக்கும். இவற்றை மாற்றி மாற்றிப் பார்க்க பிளாக் அடுப்பில் அரைமணி நேரம் போதும். டிரம்மில் கதவும் குழாயும் ஒரு தடவை வெட்டிய இடம்தான்.

விறகு காய்ந்ததாக, மணிக்கட்டுப் பருமனில் பிளந்ததாக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தட்டில் சாறு இரண்டு விரற்கடைக்குக் கீழே இறங்கினால் அடிப்பிடிக்கும். பொங்கினால் ஒரு துளி வெண்ணெய். கடைசிப் பதத்தை மட்டும் வீட்டு அடுப்பில் பார்க்கலாம்: அன்றைக்குத் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் ஏறினால் பாகு.

எதைக் கட்டினாலும் முதல் நாள் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் எரித்து, எத்தனை லிட்டர் குறைந்தது என்று அளந்துவிடுங்கள். மூன்று தட்டுக்கு 12 லிட்டராவது போனால் அடுப்பு தேறியது. அதற்குக் குறைந்தால் சாறு வருவதற்கு முன்பே மணல் மேட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்.