வருமான வரி ரீஃபண்ட் பணத்தில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மதுரையில் பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பதிவெண்ணோடு 2018, 2019 மாடல் வண்டி ஒன்றை, சந்தை விலைக்கு முப்பது நாற்பதாயிரம் குறைத்து உங்களுக்குக் காட்டினால், ஒரு மெக்கானிக் அதன் அடிவயிறு வரை பார்க்கும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கிடந்த வண்டியாக இருக்கலாம். அந்த ஊர் வண்டியெல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. எங்களுக்குக் காட்டியது அப்படித்தான். கொடுத்த இருபதாயிரம் அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை.

முதலில் பணக் கதை. அது தெரிந்தால்தான் வியாபாரி எங்கே கை வைத்தார் என்பது புரியும். நான் கட்டட டிசைன் பார்க்கும் இன்ஜினியர். ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். சம்பளம் கிடையாது, ஃபீஸ்தான். ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வருமான வரிக்கென்று முன்கூட்டியே, பிடித்துவிடுவார்கள். 2024-25 நிதியாண்டில் 12 லட்சத்துக்கு பில் போட்டதில் 1,20,000 பிடித்தம். எங்களைப் போன்ற தொழில்காரர்கள் அந்த வருடம் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்ட முடிந்தது. அப்படிப் பார்த்தால் 6 லட்சம். புதிய வரி முறையில் அந்த வருடம் 7 லட்சம் வரை தள்ளுபடி போக வரி இல்லை. ஆக, பிடித்தது முழுக்கத் திரும்ப வேண்டும். அக்டோபரில் வந்தது, மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு சேர்த்து 1,24,200. (அந்த வட்டி 4,200-ஐ அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும். நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.)

வருடம் முழுக்க நம்மிடமிருந்து போன காசுதான் அது. ஆனால் மொத்தமாக வந்து விழுந்ததும் வீட்டில் ஆளுக்கு ஒரு கணக்கு. மனைவிக்கு பேங்கில் இருக்கும் நகையைத் திருப்ப வேண்டும். எனக்கு கார். அம்மாவுக்கு முட்டி வலி. விளாச்சேரியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய் வரவே ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பேரையூர் பக்கம் குலசாமி கும்பிடப் போவதென்றால் வேன் பேச வேண்டும். பிள்ளைகள் இரண்டும் ஸ்கூட்டரில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று உட்காரும் வயதைத் தாண்டியாயிற்று. அம்மா மட்டும், "எனக்காகன்னு சொல்லி வாங்காதீங்கப்பா, நான் பஸ்ஸுலயே போயிக்கிருவேன்" என்றது. கடைசியில், பார்த்துவிட்டு வருவோம், பார்க்கக் காசா என்று கிளம்பினோம்.

ரிங் ரோடு பக்கம் ஒரு கன்சல்டிங், பழைய கார் வாங்கி விற்கும் கடை. பெயர் வேண்டாம், காரணம் பின்னால் சொல்கிறேன். "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். முதல் கேள்வி எந்த வண்டி வேண்டும் என்பதல்ல. "கையில எம்புட்டு வச்சிருக்கீங்கண்ணே?" ரீஃபண்ட் வந்திருக்கிறது, ஒண்ணு இருபத்திநாலு என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அங்கே போட்ட கணக்கெல்லாம் அந்தத் தொகைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வண்டி விலை 3,65,000. பைனான்ஸ் 2,50,000. கையிலிருந்து 1,15,000. பேர் மாற்ற, இன்சூரன்ஸுக்கு என்று 9,200. கூட்டிப் பாருங்கள், 1,24,200. ஒரு ரூபாய் மிச்சமில்லை. ஐம்பதாயிரம் என்று சொல்லியிருந்தாலும் அதே வண்டியை வேறு கணக்கில் காட்டியிருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பைனான்ஸ் ஆள் அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "வெறும் ஒம்பது பெர்சன்ட்ண்ணே." ஒன்பது சரி, ஃபிளாட். நாலு வருடமும் முழு 2,50,000-க்கும் வட்டி போடுவார்கள், அசல் குறையக் குறைய வட்டி குறையாது. 90,000 வட்டி, மாதம் 7,083. பேங்க் கணக்கில் குறையும் அசலுக்குப் போட்டால் இது 16 சதவீதத்துக்கு வந்து நிற்கிறது. பழைய கார் லோனில் "ஃபிளாட்" என்ற சொல் காதில் விழுந்தால் கிட்டத்தட்ட இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தானே வேண்டும். ஆல்டோ கே10 தொடக்க மாடலின் ஷோரூம் விலையே 3,69,900-க்கு வந்த நேரம் அது. ஆறு வருட வண்டிக்கு 3,65,000 ஏன் என்று கேட்டால், "இது டாப் மாடல்ண்ணே, அது டப்பா" என்றார்.

வண்டி வெள்ளை, 2019, டி.என். 69. தூத்துக்குடி. "டாக்டர் வண்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடுனது. சிங்கிள் ஓனர்." மதுரையில் கன்சல்டிங் வாசல்களில் நிற்கும் டாக்டர் வண்டிகளைக் கூட்டினால் அத்தனை டாக்டர்கள் தென்மாவட்டத்தில் இருக்கிறார்களா என்பதே சந்தேகம். மீட்டரில் 38 ஆயிரத்துச் சொச்சம். சீட்டுக்குப் புது லெதர் கவர், தரையில் புது மேட், உள்ளே மல்லிகை வாசனை சென்ட். அந்த சென்ட்தான் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு இம்புட்டு வாசம்?" என்றாள்.

சாயங்காலம் தேனியிலிருந்து ஒரு பார்ட்டி வருகிறது, டோக்கன் போட்டால்தான் நிறுத்தி வைப்போம் என்றார்கள். வழக்கமான பேச்சுதான். ஆனாலும் அட்வான்ஸ் இல்லாமல் மெக்கானிக்கைக் கூட்டி வந்து பார்க்க விடமாட்டோம் என்றுவிட்டார்கள். ரசீதைப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் "முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது". என் மனைவி பேனாவை வாங்கி அந்த வரியை அடிக்கச் சொல்லி, "மெக்கானிக் பார்த்துத் திருப்தி இல்லை என்றால் ரூ. 20,000 முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று எழுத வைத்து, சீல் போட்டு, கையெழுத்து வாங்கினாள். பணத்தை ரொக்கமாகக் கேட்டார்கள். ஜிபேயில்தான் போடுவேன் என்று நின்றாள். இன்றைக்கு எங்கள் கையில் ஆதாரம் என்று இருப்பது அவள் வாங்கிய அந்த இரண்டும்தான்.

மறுநாள் மச்சானின் கூட்டாளியை அழைத்துப் போனோம். செல்லூரில் பட்டறை வைத்திருக்கிற பையன். இன்ஜினைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தான். சாதாரணமாக நாம் இழுக்காத அந்தக் கடைசி ஒன்றரை அடியில் பழுப்பாக ஒரு கோடு. சேறு காய்ந்த கோடு. சீட் கவர், மேட் எல்லாம் மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்ற மாட்டார்கள் என்றான். அப்புறம் சீட்டை முன்னால் தள்ளி, சீட் நகரும் தடத்தின் அடியில் போல்ட்டைக் காட்டினான், துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் மாவு போல வண்டல். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயரிங் சாக்கெட்டைப் பிரித்ததில் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது.

கடைசியாகச் சாவியைப் பாதி திருப்பச் சொன்னான். ஏர்பேக் உள்ள எந்த வண்டியிலும் சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். இதில் எரியவே இல்லை. கோளாறு காட்டிக்கொண்டே இருக்கும் என்று விளக்கின் இணைப்பையே துண்டித்திருக்கிறார்கள். எனக்கு மற்றதை விட இதுதான் தாங்கவில்லை. பணம் போனால் போகிறது. பிள்ளைகளை உட்கார வைத்து நாலு வழிச்சாலையில் போகும்போது அந்தப் பை விரியுமா விரியாதா என்பதே தெரியாமல் போயிருப்போம்.

"மாமா, இது தண்ணியில நின்ன வண்டி இல்ல, கிடந்த வண்டி" என்றான்.

கன்சல்டிங்காரர் அசரவில்லை. "தம்பி, தூத்துக்குடின்னா உப்புக்காத்து. துரு பிடிக்கத்தான் செய்யும்."

"உப்புக்காத்து பெல்ட்டுக்குள்ள சேறு பூசுமாண்ணே?"

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை உடைத்து, வாசலில் நின்ற கார்கள் கூரை வரை முங்கின. அப்படி முங்கிய வண்டியை இன்சூரன்ஸ் கம்பெனி "டோட்டல் லாஸ்" என்று முடித்து, உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியை ஏலத்தில் தள்ளிவிடும். ஏலத்தில் எடுப்பவர்கள் கழுவி, டிங்கரிங் பார்த்து, வேறு ஊரில் விற்கிறார்கள். அதில் குற்றம் எதுவுமில்லை, வெள்ளத்தில் கிடந்த வண்டி என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால். வெள்ளம் பார்த்த வண்டி உடனே படுக்காது. வயரிங், பிரேக்குக்கான ஏ.பி.எஸ்., இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, மாதக்கணக்கில் கழித்து ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும்.

காகிதங்களும் அதையே சொல்லின. ஆர்.சி.யில் ஓனர் சீரியல் 2. சிங்கிள் ஓனர் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. பாலிசி நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் வெறும் தேர்ட் பார்ட்டி, அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான இன்சூரன்ஸ். பாலிசி விட்டுப்போன வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போட வேண்டுமென்றால் கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார். தேர்ட் பார்ட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. பையனுக்குத் தெரிந்தவர் மூலம் சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்து விசாரித்ததில், 2023 அக்டோபரிலேயே வண்டி 58 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே அந்த வண்டிக்குப் பதிவே இல்லை.

பணத்தைக் கேட்டோம். முதலில், "அட்வான்ஸை வேற வண்டியில கழிச்சுக்கலாம்ண்ணே." அப்புறம், "முதலாளி சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு, வரட்டும்." ரசீதைக் காட்டினால், "அதை எழுதுன பையன் வேலைய விட்டுப் போயிட்டான், அவன் எழுதுனதுக்கு நாங்க என்ன பண்றது?" சீல் மட்டும் வேலையை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

நடுவில் இன்னொரு வலை. பைனான்ஸ் மேசைக்காரர் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம ஆடிட்டர் ஒருத்தர் இருக்காரு, அடுத்த வருஷம் ரீஃபண்ட டபுளா எடுத்துத் தருவாரு, கட்சிக்கு நன்கொடை குடுத்த மாதிரி ரசீது வாங்கிக்கலாம்" என்றார். கேட்டுக்கொண்டே நின்றேன், ஆச்சரியமாகத்தான் இருந்தது. 2025 ஜூலையில் வருமான வரித்துறை இதே மாதிரி, வருமானத்தில் கழிக்கும் நன்கொடை போன்ற தொகைகளைப் பொய்யாகக் காட்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர்களின் இடங்களில்தான் நாடு முழுக்கச் சோதனை நடத்தியது, தமிழ்நாட்டையும் சேர்த்து. பொய்க் கணக்கு என்று முடிவானால் வரியோடு அதன் 200 சதவீதம் வரை அபராதம். கமிஷன் வாங்கியவர் அந்த நேரத்தில் போனை எடுப்பாரா என்பது உங்களுக்கே தெரியும்.

வியாபாரியிடம் கேட்க வேண்டிய ஒரு காகிதம் பற்றி நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், படிவம் 29பி. ஐந்து வருடம் செல்லும். வண்டியை டீலரிடம் ஒப்படைக்கும்போது உரிமையாளர் படிவம் 29சி-யில் தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு வண்டிக்கு டீலர்தான் பொறுப்பு. நான் கேட்டபோது, "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குண்ணே" என்று சிரித்தார்கள். விற்கிறவர்களுக்கும் இது முக்கியம். பேர் மாற்றாமல் வண்டியை விட்டுவிட்டு வந்தால், யாரோ ஓட்டி விபத்து நடந்தாலும் நஷ்டஈடு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் தலையில் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து பதிவு செய்தோம். அவர்கள் அனுப்பியதற்கு கன்சல்டிங் தரப்பிலிருந்து பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும், அதுவரை சபரிமலையில் இருந்த முதலாளி போன் செய்து பத்தாயிரம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். மாட்டேன் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, நாமே வாதாடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மீதிப் பணத்தில் நகையைத் திருப்பியாயிற்று. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, தெருவில் ஒரு கால் டாக்சிக்காரரிடம் மாதக் கணக்கு பேசியிருக்கிறேன். கார் வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. கையில் காசு வந்திருக்கிறது என்பதற்காக வாங்குவதில்லை என்று மட்டும் மனைவி சொல்லியிருக்கிறாள். அடுத்த ரீஃபண்ட் வரும்போது மறுபடி ஒரு சண்டை இருக்கிறது.

கடையின் பெயரை ஏன் போடவில்லை என்றால், மனு விசாரணையில் இருக்கிறது, அவ்வளவுதான். வண்டியின் அடையாளம் சொல்கிறேன்: வெள்ளை, 2019, டி.என். 69, கறுப்பு லெதர் கவர், பின் கண்ணாடியில் ஓட்டுநர் பக்கம் ஒரு வேல் ஸ்டிக்கர். இப்போது 3,40,000-க்கு விளம்பரம் ஓடுகிறது. நான் பார்த்தபோது 38 ஆயிரம் காட்டிய மீட்டர், விளம்பரப் படத்தில் 34 ஆயிரம் காட்டுகிறது.