எல்எஃப்ஓ: சுருதிக்கா, ஃபில்டருக்கா?

அனலாக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் எல்எஃப்ஓ (லோ ஃப்ரீக்வென்சி ஆஸிலேட்டர்) பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடும் மெதுவான அலை. தானாக ஒலிக்காது, மற்றொன்றை அசைக்கும்.

சுருதியை அசைத்தால் வைப்ரேட்டோ. நொடிக்கு 5 முதல் 7 முறை, மிகச் சிறிய ஆழத்தில் என்றால் வாசிப்புக்கு உயிர் வரும். ஆழம் சற்றே கூடினாலும் அபாயச் சங்குதான்!

ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டரை அசைத்தால் சுருதி நிலையாக நிற்கும். ஒலியின் பிரகாசம் மட்டும் ஏறி இறங்கும். ஆழத்தைத் தாராளமாகக் கூட்டலாம், மெட்டு கெடாது. நீண்ட கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) இதுவே சரி.

தனி மெட்டுக்கு என் ஓட்டு சுருதிக்கே. ஆனால் ஆழத்தை, கட்டைகளின் பக்கத்தில் இருக்கும் மாடுலேஷன் சக்கரத்திடம் விட்டுவிட வேண்டும். 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசர், தனி எல்எஃப்ஓ இல்லாமலே, மூன்றாவது ஆஸிலேட்டரை (ஒலி அலையை உருவாக்கும் பகுதி) மெதுவாக ஓட்டி இதைச் சாதித்தது. ஸ்வரம் தொடங்கும்போது அசைவு வேண்டாம். நீளும்போது சக்கரத்தை உயர்த்துங்கள்.