பழைய கேம்கார்டர் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

எட்டாயிரம் போச்சு. பணம் போனதைவிட, கைக்கு வந்த ஃபைல்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பழைய மினிடிவி (MiniDV) கேசட்டுகளை, அதாவது கேம்கார்டரில் போடும் சின்ன டிஜிட்டல் டேப்புகளை, எடிட் செய்யத் தோதாக ஏற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கடைகளில் ஒன்று. பெயர் போடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, எப்படிப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

பிள்ளைகள் தவழ்ந்தது, தாத்தா உட்கார்ந்து பழைய கதை சொன்னது எல்லாமே அந்தக் கேசட்டுகளில்தான் இருக்கின்றன. கேமரா இன்றும் ஓடுகிறது. ஆனால் என் கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் போர்ட் (கேமராவில் இருக்கும் டிஜிட்டல் வீடியோவை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கேபிளுக்கான பழைய வகை இணைப்பு) கிடையாது. அந்தக் காலத்துக் கேமராக்களில் யுஎஸ்பி இருந்தாலும் பெரும்பாலும் அது மெமரி கார்டில் உள்ள போட்டோக்களை எடுக்கத்தான். டேப்பில் இருக்கும் படம் முழுத் தரத்தோடு வெளியே வர ஃபயர்வயர் வேண்டும். அதனால்தான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். "மஞ்சள் வயர்ல எடுக்கிற வேலையே நம்மகிட்ட கிடையாது சார், எல்லாம் ஃபயர்வயர்தான்" என்றார். மஞ்சள் வயர் என்றால் கேமராவைப் பழைய டிவியில் சொருகிப் பார்க்கும் அனலாக் வீடியோ வயர். என் கேமராவையே வாங்கி, கேபிளைச் செருகி, மவுஸால் ப்ளே கொடுத்தார். கேமராவை யாரும் தொடவில்லை, உள்ளே டேப் தானாகச் சுழல ஆரம்பித்தது. திரையில் தாத்தா. கூட வந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தொழில் தெரிந்த ஆள் என்று நம்பினேன். டேப்பில் இருப்பது அப்படியே, துளியும் சுருக்காமல் ஏவிஐ ஃபைலாக வரும் என்பதுதான் பேச்சு. எட்டாயிரத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

ஃபைல்கள் வந்தன. ஒரு மணி நேர மினிடிவி கேசட்டை ஒழுங்காக ஏற்றினால் ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். எனக்கு வந்ததில் ஒன்றுகூட ஒரு ஜிபியைத் தொடவில்லை. 720 × 576 இருக்க வேண்டிய படம் 640 × 480 அளவில் எம்பி4 ஆகக் கிடக்கிறது. எல்லாவற்றையும்விட, படத்தின் மூலையில் ப்ளே குறியும் ஓடுகிற நேர எண்களும்! கேமரா தன் திரையில் காட்டும் எழுத்துகள் அவை. ஃபயர்வயர் வழியாக எடுத்தால் அவை படத்தில் ஏறவே ஏறாது. மஞ்சள் வயரைச் சொருகித்தான் எடுத்திருக்கிறார், வேறு சாட்சியே வேண்டாம். தாத்தா அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் எண்கள் அவர் முகத்தின் மேலேயே ஓடுகின்றன. இதை நான் என்னவென்று எடிட் செய்வது?

யாராவது கையை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். டேப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். மூல ஃபைல் இருந்தால் எடிட்டிங் மென்பொருளில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். பிரிக்காமலேயே படத்தைச் சுருக்கிவிட்டதால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. இனி அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. கேசட் முடிவதற்குள் குரல் வாயசைவுக்குப் பின்னால் இழுபடுகிறது, அது வேறு.

போன் செய்தேன். "டேப் பழசு சார், இதுக்கு மேல வராது." கடையில் அன்று ஓட்டிக் காட்டியது இதே டேப்தானே என்றேன். "உங்க சாஃப்ட்வேர்ல செட்டிங்கை மாத்திப் பாருங்க." அப்புறம், "பெரிய ஃபைல் கொடுத்தா உங்க கம்ப்யூட்டர் தாங்காது சார், அதான் சின்னதாக்கிக் கொடுத்தோம்." அப்படியானால் பெரிய ஃபைலைக் கொடுங்கள் என்றால், இடம் இல்லை என்று அழித்துவிட்டார்களாம்! எடுக்கவே எடுக்காத ஃபைலை எப்படி ஐயா அழிப்பீர்கள்? நேரில் போனால் முதலாளி வெளியூரில் இருக்கிறார். எட்டாயிரத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து போனையே எடுப்பதில்லை. திரும்பி வந்த கேசட்டுகளில் ஒன்றில் டேப் கசங்கியிருக்கிறது. அந்த இடம் வரும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுங்கள். ஃபைலை வாங்கி, மணிக்கு 13 ஜிபி இருக்கிறதா, மூலையில் எழுத்து ஏதும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைக் கொடுங்கள், பணத்தையும் அதற்குப் பிறகே கொடுங்கள். ஃபயர்வயரை யுஎஸ்பியாக மாற்றும் குட்டி முனை என்று விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள், டேப்பை ஏற்ற அது உதவாது. ஃபயர்வயர் உள்ள பழைய லேப்டாப் தெரிந்தவர்களிடம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கி நீங்களே ஏற்றுங்கள், டேப் ஓடுகிற நேரம்தான் ஆகும். ஃபைல் வந்துவிட்டதே என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். என் கேசட்டில் ஒன்று இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது, தேடிப் பார்க்கிறோம் என்கிறார்கள்.