கிடங்கு வேலையிலிருந்து சொந்த வேனுக்கு: ஒரு டெலிவரி ஒப்பந்தத்தைப் பற்றிய மதிப்புரை

கிடங்கில் பார்சல் பிரித்து அடுக்கும் வேலையை விட்டுவிட்டு, ஒரு கூரியர் நிறுவனத்தோடு சுயதொழில் ஓட்டுநராக ஒப்பந்தம் செய்துகொண்டு சொந்த வேனில் டெலிவரி செய்து வருகிறேன். இத்தகைய நிறுவனங்கள் செயலி, சரக்கு, ரூட், வாராந்தரப் பட்டுவாடா ஆகியவற்றை ஓட்டுநருக்குத் தருகின்றன; வண்டியும் எரிபொருளும் உழைப்பும் நம்முடையவை. அந்த வகையில் நிறுவனம் ஓட்டுநருக்கு அளிப்பதும் ஒரு சேவையே என்பதால், அதன் தரத்தை இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் செயலியைப் பாராட்ட வேண்டும். பத்து முகவரிகளை எந்த வரிசையில் சென்று முடிக்கலாம் என்பதற்கே 36,28,800 வழிகள் உண்டு. நூற்றைத் தாண்டும் முகவரிகளுக்குச் சில நொடிகளில் ஏற்கத்தக்க ஒரு வரிசையை அது தந்துவிடுகிறது. ஆனால் அது சாலையை அறிந்த அளவுக்குக் கட்டடங்களை அறியவில்லை. தனி வீட்டு வாசலில் பார்சலை வைத்துப் படம் எடுத்து நகர்வதற்கும், அடுக்குமாடியில் காவலரிடம் பதிந்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, ஐந்தாவது மாடியில் கையெழுத்து வாங்கித் திரும்புவதற்கும் அது ஒரே நேரத்தைத்தான் ஒதுக்குகிறது. மாலையில் தாமதம் என்று திரையில் சிவப்பு எழுத்து வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சரக்கு ஏற்றுவதில் கிடங்கு அனுபவம் அப்படியே கைகொடுக்கிறது. கடைசியாக இறங்க வேண்டியது முதலில் உள்ளே போக வேண்டும், லேபிள் கதவுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், கனமானது தரையில் இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவே அமர வேண்டும் என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எடையில் மட்டும் புதிய கவனம் தேவைப்பட்டது. பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வேனின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. வண்டியின் சொந்த எடை, ஓட்டுநர், எரிபொருள் அனைத்தும் அதற்குள் அடங்குவதால், தண்ணீர் பாட்டில் பெட்டிகளும் பிரித்து அனுப்பப்படும் மரச்சாமான்களும் வரும் நாளில், பின்புறம் பாதி காலியாகத் தெரியும்போதே வரம்பு நிறைந்துவிடும். வரம்பை மீறினால் அபராதம் கட்டுவது ஓட்டுநர்தான்.

பணத்தைப் பொறுத்தவரை இந்த ஒப்பந்தத்தின் மீது எனக்குக் கடுமையான அதிருப்தி உண்டு. ஒவ்வொரு பார்சலுக்கும் இவ்வளவு என்ற கணக்கு கிடங்குச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் ஏற்றுமிடத்தில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கும், அங்கிருந்து முதல் முகவரிக்குப் போகும் தூரத்துக்கும், ஆள் இல்லாத வீட்டிலிருந்து பார்சலைத் திருப்பிக் கொண்டுவரும் அலைச்சலுக்கும் ஒரு பைசா கிடையாது. வருமானத்திலிருந்து எரிபொருளையும் டயர், பிரேக், கிளட்ச் தேய்மானத்தையும் காப்பீட்டையும் வரிக்கான பங்கையும் கழித்து, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரையிலான மொத்த மணிநேரத்தால் வகுத்த பிறகுதான் உண்மையான கூலி தெரியும். நின்று நின்று ஓடும் வண்டியில் பிரேக்கும் கிளட்சும் நெடுஞ்சாலை வண்டியைவிட வெகு சீக்கிரம் தேய்கின்றன. கிடங்கில் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்தாலும் சம்பளம் வந்தது, ஃபோர்க்லிஃப்ட் பழுதானால் அது முதலாளியின் கவலை. இங்கே வேன் பணிமனையில் நிற்கும் நாளில் வருமானமும் நின்றுவிடும், செலவோ கூடும். ஆகவே பார்சலுக்கு இவ்வளவு என்ற தொகையை மட்டும் பார்த்து யாரும் மாறிவிட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

காப்பீட்டைப் பற்றி நிறுவனம் போதிய விளக்கம் தரவில்லை. சொந்த உபயோகத்துக்கான பாலிசி, கூலிக்குச் சரக்கு கொண்டுசெல்லும்போது நேரும் விபத்தைப் பொதுவாக ஏற்காது; வணிகப் பயன்பாட்டுக்கான பாலிசி வேண்டும், வண்டியில் உள்ள சரக்குக்குத் தனிக் காப்பீடும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் மிகவும் கவனித்த பிரிவு, நமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை. 2021-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் என்ன பெயர் சூட்டினாலும் ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. கட்டணத்தையும் நிபந்தனைகளையும் நிறுவனமே முடிவு செய்கிறது என்பது அதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதே நீதிமன்றம் 2023-இல் உணவு டெலிவரி நிறுவனமான டெலிவரூ தொடர்பான வழக்கில், தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடிகிறது என்பதை முக்கியமாகக் கருதி, அந்த ஓட்டுநர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே வேலை உறவு இல்லை என்று அவர்களுக்கு எதிராக முடிவு சொன்னது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும், அந்த ஒரு பிரிவுக்கு எவ்வளவு கனம் இருக்க முடியும் என்பதை இவ்விரு தீர்ப்புகளும் காட்டுகின்றன. என் ஒப்பந்தத்தில் அந்த உரிமை எழுத்தில் இருக்கிறது. ஆனால் செயலியோ காலையில் என் முகத்தைப் படம் பிடித்து ஒப்பிட்ட பிறகுதான் திறக்கிறது. இதே போன்ற ஒப்பந்தத்தை எடுக்க நினைப்பவர்கள், மாற்று ஓட்டுநர் எப்படி உள்நுழைவார், அவர் உடைக்கும் பொருளுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளுக்கும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.